முதலில் திராட்சைத் தோட்டம், பிறகு தலைநகரம்

ஜார்ஜியாவில் திராட்சை அறுவடை செப்டம்பரில் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதிவரை நடக்கும். அங்கே அதற்கு ர்த்வேலி என்று பெயர். ஒயின் பார்க்கப் போகிறவர்கள் அந்தச் சமயத்தில்தான் போக வேண்டும் என்று கேட்ட இடத்திலெல்லாம் சொன்னார்கள். எங்கள் வீட்டு நாட்காட்டியில் அது புரட்டாசி. என் கணவர் அந்த மாதம் முழுவதும் அசைவமும் தொட மாட்டார், மதுவும் தொட மாட்டார். சனிக்கிழமை தளிகை போடாமல் இருந்ததே இல்லை. ஒயின் நாட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்கு விமான டிக்கெட் எதற்கு? ஐப்பசி பிறந்த பிறகு கிளம்புவது என்று முடிவு செய்தோம்.

அது நல்ல முடிவாகவே அமைந்தது. அக்டோபர் கடைசியில் கொடியில் பழம் அநேகமாக இருக்காது. ஆனால் பறித்த பழம் நிலவறைகளில் நொதித்துக்கொண்டிருக்கும். இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறியிருக்கும். அறுவடை பார்க்க வந்த கூட்டம் கலைந்து, வீட்டுக்காரர்களுக்கு விருந்தாளியோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைத்திருக்கும். ஒரே தொல்லை சென்னைப் பக்கம்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம் அது. அதனால் வளைகுடாவில் விமானம் மாறும் இடைவெளியைத் தாராளமாக வைத்துக்கொண்டு, முழுப் பயணத்தையும் ஒரே முன்பதிவில் எடுத்தோம். மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக டிக்கெட் எடுத்தால், மீனம்பாக்கத்தில் மழை தாமதப்படுத்தும் ஒரு மணி நேரம் அடுத்த டிக்கெட்டை விழுங்கிவிடும்.

எங்கள் திருமணத்தின் 25-ஆம் ஆண்டு நிறைவுக்கான பயணம் இது. நாத்தனாரும் அவர் கணவரும் சேர்ந்துகொண்டார்கள். நான்கு பேர் என்றால் ஒரு கார் நிறையும், செலவு பாதியாகும், இரண்டு கணவன் மனைவி ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ளும் நேரமும் குறையும். கணவரின் குடும்பம் சின்னமனூர்ப் பக்கம். மாமனார் காலத்தில் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் மாமியார், “திராட்சை பார்க்கவா அவ்வளவு தூரம் போகிறீர்கள்? நம் பந்தலில் காய்த்ததைப் பறிக்க ஒருவரும் வரவில்லையே!” என்றார். நியாயமான கேள்வி. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் வீட்டில் இனிப்பு வாங்கியவரும் அவர்தான்.

ஜார்ஜியாவுக்கு முன் வேறு இடங்களையும் யோசித்தோம். மும்பையும் நாசிக்கும் சேர்த்துப் போவது மிக எளிது; ஆனால் நாசிக்கில் அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. தை மாதக் கல்யாணமாக இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். பாரிஸும் ஷாம்பெயின் பகுதியும் இன்னொரு ஆசை. பாரிஸிலிருந்து ரேன்ஸ் நகருக்கு விரைவு ரயிலில் முக்கால் மணி நேரம்தான். ஆனால் ஒரு வாரத்துக்குள் முடிகிற பயணத்துக்கு ஷெங்கன் விசா அலைச்சலும் ஐரோப்பிய விலையும் கட்டுப்படியாகவில்லை. ஜார்ஜியாவுக்கு இன்னொரு பெரிய வசதி, நமக்கும் அவர்களுக்கும் நேர வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். குறுகிய பயணத்தில் இது விலையைவிட முக்கியம். தூக்கம் கெட்டு முதல் இரண்டு நாளைப் படுக்கையில் தொலைத்துவிட்டால் மிஞ்சுவது என்ன?

இடம் முடிவான பிறகு தியாகராய நகரில் ஒரு பயண ஏற்பாட்டாளரிடம் போனோம். அவர் நீட்டிய திட்டத்தில் எல்லா இரவும் தலைநகரம் திபிலீசியில் ஒரே ஹோட்டல். ஒரு நாள் வடக்கே கஸ்பேகி மலை. ஒரு நாள் ‘ஒயின் சுற்றுலா’: காலை கிளம்பி, போத்பே மடம், சிக்னாகி ஊர், இரண்டு ஒயின் ஆலை, வழியில் ரொட்டி சுடும் இடம், மாலைக்குள் திரும்பல். கடைசி இரவு எங்கள் கொண்டாட்டத்துக்கு ஹோட்டலிலேயே கேக். வந்தவர்களுக்கெல்லாம் இதைத்தான் கொடுப்பார்கள் போலிருக்கிறது.

அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு நானும் நாத்தனாரும் தலைகீழாக்கினோம். ஒரு கொண்டாட்டப் பயணத்தில் உண்மையில் கொண்டாட்டம் என்பது ஒரே ஒரு பொழுதுதான். மற்றதெல்லாம் அதற்குப் போகும் வழியும் திரும்பும் வழியும். அந்தப் பொழுது எது, எங்கே, எந்த வேளைச் சாப்பாடு என்று முதலில் குறித்துவிட வேண்டும். அது வந்து இறங்கும் நாளாக இருக்கக் கூடாது, களைப்பு. கிளம்பும் நாளுக்கு முந்தின இரவாகவும் இருக்கக் கூடாது, பெட்டி கட்டும் கவலை. நடுவில் இருக்க வேண்டும், அதுவும் மதியமாக இருக்க வேண்டும். கேக்கை நங்கநல்லூரிலேயே வெட்டிக்கொள்ளலாம். ஒயின் நாட்டுக்குப் போவது ஒரு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடத்தான். ஆகவே கொண்டாட்டம் காகேத்தியில் என்று எழுதிவிட்டோம். காகேத்திதான் நாட்டின் கிழக்கே இருக்கும் பெரிய திராட்சைப் பகுதி.

பிறகு வரைபடத்தைப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. திபிலீசி விமான நிலையம் நகரத்துக்குத் தென்கிழக்கே, காகேத்திக்குப் போகும் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. நகருக்குள் போய் அறை எடுத்து, பிறகு ஒரு நாள் அதே வழியில் விமான நிலையத்தைக் கடந்து காகேத்திக்குப் போவது வீண் சுற்று. இறங்கியதும் நேரே சிக்னாகிக்குக் கிளம்பினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தலைநகரத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால் திரும்பும் விமானத்துக்கும் பக்கத்தில் இருக்கிறோம். மலைச்சாலையில் ஏதாவது நேர்ந்தாலும் விமானம் தப்பாது. கிராமத்தில் வாங்கிய பாட்டில்களை நகரத்து அறையில் நிதானமாகக் கட்டலாம். இவ்வளவு லாபம் வெறும் வரிசையை மாற்றியதில்.

கஸ்பேகியை வெட்டுவதுதான் கடினமாக இருந்தது. பனி மலை, 2,170 மீட்டர் உயரத்தில் தனியாக நிற்கும் கெர்கெத்தி தேவாலயம், அதன் பின்னால் 5,000 மீட்டருக்கு மேல் எழும் கஸ்பெக் சிகரம். படத்தில் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் திபிலீசியிலிருந்து போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். கணவருக்கு இன்னமும் அதில் குறை உண்டு. சிக்னாகியில் காலை எழுந்து ஜன்னலைத் திறந்தால் அலசானிப் பள்ளத்தாக்குக்கு அப்பால் காகசஸ் மலைத்தொடர் முழுவதும் பனியோடு தெரிகிறதே, அது போதாதா என்று கேட்டால், “தொட்டுப் பார்க்கவில்லையே” என்கிறார்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்திய பாஸ்போர்ட்டுக்கு இ-விசா வாங்க வேண்டும். இதில் தரகர் தேவையில்லை. அரசின் இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். விசா கையில் இருந்தாலும் திபிலீசியில் குடியேற்ற அதிகாரி கேள்வி கேட்பார். இந்தியர்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கிறார்கள். திரும்பும் டிக்கெட், எல்லா இரவுக்குமான தங்குமிட முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம், காப்பீடு ஆகியவற்றை அச்சிட்டு ஆளுக்கொரு உறையில் வைத்திருந்தோம். கைபேசியில் தேடிக்கொண்டு நின்றவர்கள் ஓரமாக நிறுத்தப்பட்டதைப் பார்த்தோம். 2026 ஜனவரி 1 முதல் சுற்றுலாப் பயணிகளுக்கு மருத்துவ, விபத்துக் காப்பீடு கட்டாயமாகிவிட்டது. காப்புத் தொகை 30,000 லாரிக்குக் குறையக் கூடாது. லாரி என்பது அவர்களது நாணயம், ஒன்றுக்கு நம் பணத்தில் 30 ரூபாய்க்குச் சற்று மேல். ரூபாய் நோட்டை அங்கே மாற்ற முடியும் என்று நம்பிப் போகாதீர்கள். டாலராகக் கொண்டுபோய், விமான நிலையத்தில் கொஞ்சமாகவும் ஊருக்குள் மீதியையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

சிக்னாகி ஒரு மலைமுகட்டுச் சிற்றூர். 18-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் எரெக்லே மன்னர் காலத்தில் கட்டிய மதிலும் காவல் கோபுரங்களும் ஊரைச் சுற்றி இன்னும் நிற்கின்றன. மதில்மேல் நடக்கலாம். இங்கே திருமணப் பதிவகம் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் என்பதால் இதைக் காதலர் ஊர் என்கிறார்கள். “இன்னொரு முறை பதிவு செய்துகொள்ளுங்களேன் அண்ணி” என்று நாத்தனார் சீண்டினார். ஒரு முறை செய்ததே போதும் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

ஊரிலிருந்து 2 கிலோமீட்டரில் போத்பே மடம். 4-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜியாவுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்த புனித நினோவின் கல்லறை அங்கே இருக்கிறது. அவர் கையில் இருந்த சிலுவை திராட்சைக் கொடியின் குச்சிகளைத் தம் தலைமுடியால் கட்டிச் செய்தது என்பது அவர்கள் நம்பிக்கை. இந்த நாட்டில் திராட்சை எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது அந்த இடத்தில்தான், ஒயின் ஆலையில் அல்ல. மடத்துக்குள் பெண்கள் தலையை மூட வேண்டும், கால்சட்டை கூடாது, பாவாடை வேண்டும். வெளிநாட்டுப் பெண்கள் வாசலில் கிடந்த துணியை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டிருக்க, புடவையில் போன நாங்கள் இருவரும் முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு நேரே உள்ளே போனோம். அரைக்கால் சட்டை போட்ட ஆண்களுக்கும் அனுமதி இல்லை. அக்டோபர் கடைசிக் குளிரில் சென்னைக்காரர் யாரும் அப்படிப் போக மாட்டார் என்பது வேறு விஷயம்.

கொண்டாட்ட நாளுக்குக் கீழே பள்ளத்தாக்கில், தெலாவிக்குப் போகும் வழியில் ஒரு கிராமத்து வீட்டைப் பிடித்திருந்தோம். ஒயின் செய்து விற்கும் குடும்பம். பெரிய ஆலைகளும் பார்க்கத் தகுந்தவைதான். குவாரெலியில் மலையைக் குடைந்த 7.7 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தில் ஒயினை வைத்திருக்கிறார்கள். சினந்தாலியில் கவிஞர் அலெக்சாண்டர் சாவ்சாவாத்சேயின் மாளிகையும் அவரது பழைய ஒயின் சேகரிப்பும் இருக்கின்றன. ஆனால் அங்கெல்லாம் பேருந்து பேருந்தாக ஆட்கள் இறங்குகிறார்கள், வழிகாட்டி மனப்பாடம் ஒப்பிக்கிறார். ஒன்றைப் பார்த்தால் போதும். மீதி நேரத்தை ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

அந்த வீட்டு நிலவறைக்கு மரானி என்று பெயர். உள்ளே போனால் தரையில் வட்ட வட்டமாக வாய்கள் மட்டும் தெரிகின்றன. குவேவ்ரி எனப்படும் மண்கலங்கள், கழுத்துவரை மண்ணில் புதைந்தவை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பார்த்தவர்களுக்கு அதன் வடிவத்தை விளக்கத் தேவையில்லை. அடி கூம்பி, வயிறு அகன்று, ஓர் ஆள் உள்ளே இறங்கும் அளவு. உள்பக்கம் தேன்மெழுகு பூசியிருப்பார்கள். திராட்சையை மிதித்துச் சாற்றை மட்டுமல்லாமல் தோல், விதை, சில இடங்களில் காம்பு எல்லாவற்றையும் சேர்த்து உள்ளே விடுகிறார்கள். நொதிக்கும்போது தோல் மேலே எழும்பி மிதக்கும். அதை ஒரு நாளைக்குப் பல முறை நீண்ட கழியால் உள்ளே அமுக்க வேண்டும். நொதிப்பு அடங்கியதும் மூடி, மண் பூசி அடைத்து, வசந்த காலத்தில் திறப்பார்கள். மண்ணுக்குள் இருப்பதால் வெப்பம் ஏறாது, இறங்காது. கலம் காலியானதும் செர்ரி மரப்பட்டையால் செய்த தூரிகையைக் கழியில் கட்டித் தேய்த்துக் கழுவுகிறார்கள். இந்த முறையை 2013-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. திபிலீசிக்குத் தெற்கே தோண்டி எடுத்த பானை ஓடுகளில் திராட்சை ஒயினின் தடயம் கிடைத்தது என்றும், அவை கி.மு. 6000-ஐ ஒட்டியவை என்றும் 2017-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

நாங்கள் போன நேரம் கலங்கள் நொதித்துக்கொண்டிருந்தன. காதை அருகில் கொண்டுபோனால் சலசலவென்று சத்தம். கணவர் எட்டிப் பார்க்கக் குனிந்தபோது வீட்டுப் பெரியவர் சட்டென்று தோளைப் பிடித்து இழுத்துவிட்டார். நொதிக்கும் கலத்தின் வாயில் கரியமிலவாயு தேங்கி நிற்கும், மூச்சு முட்டிவிடும். ஐப்பசியில் போகிறவர்கள் இதை மட்டும் மறக்கக் கூடாது.

நாத்தனார் கணவர் சின்னமனூர்த் தோட்டத்தில் வேலை செய்தே வளர்ந்தவர். பெரியவரும் அவரும் பேசிக்கொண்டதை எங்கள் ஓட்டுநர் மொழிபெயர்த்தார். எங்கள் ஊரில் கொடியைப் பந்தலில் படர விடுவோம், கவாத்து முறையால் வருஷம் முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும் என்று இவர் சொன்னதைப் பெரியவரால் நம்ப முடியவில்லை. அவர்களுக்குக் கொடி குளிர்காலத்தில் உறங்க வேண்டும்; ஆண்டுக்கு ஒரே அறுவடை; ஆலங்கட்டி மழை அடித்தால் அந்த ஆண்டே போயிற்று. வயலில் கம்பி கட்டி வரிசையாக வளர்க்கிறார்கள். பந்தல் வீட்டு முற்றத்தில் நிழலுக்கு மட்டும். சோவியத் காலத்தில் 1985-இல் வந்த மதுவிலக்கு இயக்கத்தில் கொடிகளைப் பிடுங்கியதையும், 2006-இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினைத் தடை செய்ததையும் பெரியவர் அடுத்தடுத்துச் சொன்னார். அந்தத் தடை 2013 வரை நீடித்தது. ரஷ்யாவுக்கு இனிப்பு ஒயினாக மொத்தமாகப் போனது நின்றதும் வேறு நாட்டுச் சந்தைகளைத் தேட வேண்டியிருந்தது. மண்கல ஒயினுக்கு வெளியே மதிப்பு கூடியது அந்த ஆண்டுகளில்தான்.

விருந்தைப் பற்றி. அவர்கள் சுப்ரா என்பார்கள். இதற்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்: எத்தனை பேர், அதில் எத்தனை பேர் சைவம், குடிக்காதவர் யார், ஆளுக்கு என்ன தொகை, அதில் ஒயினும் அடங்குமா, அன்று வேறு குழு வருகிறதா. கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். முற்றம் எங்களுக்கு மட்டும் கிடைத்ததற்குக் காரணம் அந்த ஒரு கேள்விதான். மேசைக்குத் தமாதா என்று ஒருவர் தலைமை தாங்குவார். அவர் வாழ்த்துச் சொன்ன பிறகுதான் கோப்பையை வாயில் வைக்கலாம். இடையில் தாகத்துக்குக் குடித்தால் முகம் சுளிப்பார்கள். கடவுளுக்கு, அமைதிக்கு, பெற்றோருக்கு, குழந்தைகளுக்கு, மறைந்தவர்களுக்கு என்று வரிசையாக வாழ்த்து வரும். ஒவ்வொன்றுக்கும் கோப்பையைக் காலி செய்ய வேண்டுமென்று விருந்தாளியைக் கட்டாயப்படுத்துவதில்லை, ஒரு வாய் போதும். எனக்கு மது பழக்கமில்லை. முன்பே சொல்லிவிட்டதால் அந்த ஆண்டின் திராட்சைச் சாற்றைக் காய்ச்சி ஊற்றினார்கள். வாழ்த்தில் பங்கு மட்டும் எனக்கும் முழுதாகக் கிடைத்தது.

மறைந்தவர்களுக்கான வாழ்த்து வந்தபோது பெரியவர் எங்களில் ஒருவர் பேச வேண்டும் என்றார். நாத்தனார் கணவர்தான் எழுந்தார். மாமனாரின் தோட்டத்தைப் பற்றி, அவர் கூடையில் இலையைப் பரப்பிப் பழம் அடுக்கும் விதத்தைப் பற்றித் தமிழிலேயே பேசினார். கணவர் தட்டைப் பார்த்தபடி இருந்தார். ஓட்டுநர் மொழிபெயர்க்க வாயெடுத்தார். பெரியவர் வேண்டாமென்று கையமர்த்திவிட்டுக் கோப்பையை உயர்த்தினார். பிறகு அவரும் மகனும் பக்கத்து வீட்டுக்காரரும் மூன்று குரலில் பாடினார்கள். 1977-இல் வாயேஜர் விண்கலத்தில் வைத்து அனுப்பிய, பொன்முலாம் பூசிய இசைத்தட்டில் இந்தப் பகுதியின் பாட்டு ஒன்று இருக்கிறது. அதை மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்து கேட்பது வேறு அனுபவம். எங்கள் முறைக்கு என்ன பாடுவது என்று விழித்து, கடைசியில் நாத்தனார் ஒரு நலங்குப் பாட்டை எடுத்துவிட்டார். பட்டுப்புடவைக்குமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நலங்கு பாடிய காட்சியை யாரும் படம் பிடிக்கவில்லை என்பது அவருக்கு நிம்மதி.

சைவர்கள் இந்த நாட்டில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவின் பல இடங்களைவிட நிம்மதியாகச் சாப்பிடலாம். காரணம் அவர்களுடைய விரதம். வைதீகக் கிறிஸ்தவர்கள் விரத நாட்களில் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விலக்குவார்கள். அதற்கான உணவுக்கு சமார்க்வோ என்று பெயர். உணவகத்தில் இந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும், ‘கோழி மட்டும்தானே’ என்ற பேச்சே வராது. வறுத்த கத்தரிக்காயில் அக்ரூட் விழுதைச் சுருட்டிவைத்த பத்ரிஜானி, மண்சட்டியில் வரும் லோபியோ என்ற பீன்ஸ், கீரையும் பீட்ரூட்டும் அரைத்த ப்காலி, எல்லாவற்றிலும் தாராளமாகக் கொத்தமல்லி. வெந்தயத்தின் உறவுக்கார மசாலா ஒன்றும் போடுகிறார்கள், வாசனை பழகியதாக இருக்கும். பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியான கச்சாபுரியில் கவனம் தேவை: படகு வடிவத்தில் வருவதில் முட்டை உடைத்து ஊற்றியிருக்கும். பீன்ஸ் வைத்த லோபியானியில் ராச்சா வகை என்றால் பன்றி இறைச்சி இருக்கும். கையோடு கொண்டுபோன இட்லிப் பொடியை நான் ரொட்டிக்குத் தொட்டுக்கொண்டதைப் பார்த்த வீட்டு அம்மாள், ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தன் அஜிகாவைக் கொண்டுவந்து வைத்தார். மிளகாயும் பூண்டும் அரைத்த விழுது. அன்றைக்கு அதில் ஒரு பாட்டில் எங்கள் பெட்டிக்கு வந்தது, பொடி டப்பா அங்கேயே தங்கியது.

சுவைத்துப் பார்ப்பதைப் பற்றி, குடித்தவர்கள் சொன்னதையும் நான் பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன். ஒரு நாளில் இரண்டு இடத்துக்குமேல் வேண்டாம். மூன்றாவது இடத்தில் எல்லா ஒயினும் ‘நன்றாக இருக்கிறது’ என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. அந்த நாட்டில் 500-க்கு மேற்பட்ட திராட்சை வகைகள் உண்டு. காகேத்தியில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ர்காட்சிதெலி வெள்ளைத் திராட்சை. தோலோடு ஊறியதால் மண்கலத்திலிருந்து தேன்நிறத்தில் வரும், துவர்ப்பு தூக்கலாக இருக்கும், முதல் வாயில் யாருக்கும் பிடிப்பதில்லை. அதைச் சாப்பாட்டோடுதான் குடிக்க வேண்டும். சபெராவி சிவப்பு, தோல் மட்டுமல்ல, சதையே சிவந்திருக்கும் அபூர்வ வகை. இனிப்பு வேண்டுகிறவர்கள் கிண்ட்ஸ்மராவுலி கேட்கலாம். ரசனைக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள், கவலைப்படாதீர்கள். ஐப்பசியில் மட்டும் கிடைப்பது மச்சாரி, இன்னும் நொதித்து முடியாத இளம் ஒயின். இனிப்பாக இறங்கிவிட்டு அரை மணி நேரம் கழித்துத் தலையைப் பிடிக்கும். சாச்சா என்பது பிழிந்த சக்கையிலிருந்து வடிக்கும் சாராயம். காலை உணவோடு நீட்டினாலும் புன்னகையோடு மறுத்துவிடுங்கள். குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாற்றில் மாவு சேர்த்துக் கிண்டிய பெலமுஷி இருக்கிறது. காரை நீங்கள் ஓட்ட வேண்டாம், ஓட்டுநரோடு எடுங்கள். சாலையில் வலப்பக்கம் ஓட்டும் நாடு அது, மேற்கொண்டு மலைவளைவு, மேற்கொண்டு ஒயின்.

திபிலீசிக்குக் கொம்போரிக் கணவாய் வழியாகத் திரும்பினோம். தெலாவியிலிருந்து அதுதான் கிட்டத்து வழி, காடு முழுவதும் பழுத்த இலை. வயிறு புரளும் வளைவுகள் உள்ள சாலை. பயணத்தில் வாந்தி வருகிறவர்கள் சற்றுச் சுற்றானாலும் குர்ஜானி வழியே போகலாம்.

தலைநகரத்தைக் கடைசியில் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. கொண்டாட்டம் முடிந்துவிட்டது, பார்த்தே தீர வேண்டும் என்ற பரபரப்பு இல்லை. பழைய நகரத்தில் அபனோத்துபனி பகுதிக்குப் போய் கந்தக வெந்நீர்க் குளியலறை ஒன்றை மணிக்கணக்குக்கு எடுத்தோம். குடும்பத்துக்குத் தனியறை கிடைக்கும். வார இறுதி என்றால் முன்பதிவு அவசியம். காரில் உட்கார்ந்து இறுகிய முதுகுக்கு அதைவிட மருந்து கிடையாது. வெள்ளி நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள், கந்தகத்தில் கறுத்துவிடும். நாத்தனாரின் மெட்டிக்குத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் பிளாஸ்டர் சுற்றினோம். ரிக்கே பூங்காவிலிருந்து கேபிள் காரில் மேலே போனால் நரிகாலா கோட்டை முகட்டில் ஜார்ஜியத் தாயின் சிலை. 1958-இல் வைத்தது, 20 மீட்டர் உயரம். ஒரு கையில் விருந்தாளிக்கு ஒயின் கிண்ணம், மறு கையில் பகைவனுக்கு வாள். ருஸ்தவேலி சாலையில் நடந்தோம், உலர் பாலத்துப் பழம்பொருள் சந்தையில் சோவியத் பதக்கங்களைப் புரட்டினோம், 1966 முதல் ஓடும் மெட்ரோவில் மின்படிக்கட்டின் ஆழத்துக்காகவே ஒரு முறை ஏறி இறங்கினோம். செயலியில் டாக்சி மலிவு. தெருவில் கைகாட்டி நிறுத்தினால் விலை வேறு.

பாட்டில் விஷயம். கிராமத்தில் பிளாஸ்டிக் பாட்டிலில் பாசத்தோடு ஊற்றித் தருவதை அங்கேயே குடித்துத் தீர்த்துவிடுங்கள். முத்திரையும் பெயர்ச்சீட்டும் உள்ள கண்ணாடிப் பாட்டில் மட்டும் ஊருக்கு வரட்டும். இந்திய சுங்கத்தில் தலைக்கு 2 லிட்டர் வரை வரியில்லாமல் அனுமதி; 750 மில்லி பாட்டில் என்றால் ஆளுக்கு இரண்டு. கைப்பையில் வைத்தால் விமானம் மாறும் இடத்தில் பிடுங்கிவிடுவார்கள், பெரிய பெட்டியில்தான் போட வேண்டும். ஒவ்வொரு பாட்டிலையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, வேட்டியில் சுற்றி, துணிகளுக்கு நடுவே வைத்தோம். ஒன்றும் உடையவில்லை. மது சேராத வீடுகளுக்குக் கொடுக்க சுர்ச்கேலா நல்லது. அக்ரூட்டை நூலில் கோத்து, மாவு கரைத்துக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் பலமுறை தோய்த்து உலர்த்திய இனிப்பு. பாலோ நெய்யோ சேராதது. சென்னை ஈரக்காற்றில் சீக்கிரம் பிசுபிசுக்கும், குளிர்பெட்டியில் வையுங்கள். கொடுக்கும்போது நடுவில் நூல் இருக்கிறது என்று சொல்லியே கொடுங்கள்.